கூடம் கிடைத்தபோது: அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் கைப்பந்துப் போட்டி சொல்லும் பாடம்



‘விளையாட்டுத் துறையில் பெண்கள்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால் பெரும்பாலான தாள்களில் ஒரே வாக்கியம் வந்து விழும்: “திறமை இருந்தால் யாரும் முன்னேறலாம்.” கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், இந்த வாக்கியத்தை யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறோமா? திறமை இருந்தும் ஆடுவதற்கு இடமில்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்ற பழமொழி உங்களுக்குத் தெரியும். குறையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு இடத்தைப் பழிப்பவர்களைக் குத்திக் காட்டும் பழமொழி அது. சரி, ஒருத்திக்குக் கூடத்தையே கொடுக்காமல் ‘இவளுக்கு ஆடத் தெரியாது’ என்று முடிவு கட்டிவிட்டால்? அப்போது குறை யாருடையது?

இந்தக் கேள்விக்கு விடை தேட நல்ல சான்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் நடைபெறும் தேசியப் பல்கலைக்கழகப் பெண்கள் கைப்பந்து வெற்றியாளர் போட்டி. என்.சி.ஏ.ஏ. என்னும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் இதை நடத்துகிறது. அதன் முதல் பிரிவில் 300க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களின் பெண்கள் அணிகள் ஆடுகின்றன. இந்தப் போட்டி எப்படி நடக்கிறது, எப்படிப் பிறந்தது, இன்னும் எங்கே குறை இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம், வாங்க.

1. முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வோம்

நம் பள்ளிகளில் ‘போலா தம்பார்’ என்றும் ‘வாலிபால்’ என்றும் சொல்கிறோமே, அதுதான் கைப்பந்து. 1895இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஹோலியோக் நகரில் வில்லியம் மோர்கன் என்ற உடற்கல்வி ஆசிரியர் இதை உருவாக்கினார். அவர் முதலில் வைத்த பெயர் ‘மின்டோனெட்’.

ஆடுகளம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். பெண்கள் ஆட்டத்தில் வலையின் உயரம் 2.24 மீட்டர். ஒரு பக்கம் ஆறு பேர். பந்தை மூன்று தொடுதலுக்குள் எதிர்ப்பக்கம் அனுப்ப வேண்டும். முதல் நான்கு செட்டுகளில் 25 புள்ளியை முதலில் எட்டும் அணிக்கு வெற்றி. ஐந்தாவது செட் தேவைப்பட்டால் அது 15 புள்ளி. எந்தச் செட்டாக இருந்தாலும் இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும். மூன்று செட் எடுத்த அணி ஆட்டத்தை வெல்லும்.

பழைய முறையில் பந்தைப் போட்டுத் தொடங்கும் அணி மட்டுமே புள்ளி எடுக்க முடியும். இப்போது யார் தொடங்கினாலும், பந்து விழும் ஒவ்வொரு முறையும் ஒருவருக்குப் புள்ளி உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் ஆட்டம் இந்த முறைக்கு 2001இல் மாறியது. அப்போது ஒரு செட்டுக்கு 30 புள்ளி. 2008இல் அது 25 ஆகக் குறைந்தது.

உலகப் போட்டி விதிக்கும் இந்தப் பல்கலைக்கழக விதிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. உலக அளவில் ஒரு செட்டில் ஓர் அணி ஆறு முறைதான் ஆளை மாற்றலாம். இங்கே 15 முறை மாற்றலாம். அதனால், பின்வரிசையில் பந்து எடுப்பதில் மட்டும் கெட்டிக்காரியான ஒரு மாணவிக்கும், வலையருகே தடுப்பதில் மட்டும் கெட்டிக்காரியான ஒரு மாணவிக்கும் ஆட இடம் கிடைக்கிறது. இந்தச் சின்ன விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பு என்பது விதியில் தொடங்குகிறது என்பதற்கு இதுவே முதல் எடுத்துக்காட்டு.

2. 64 அணிகள், 63 ஆட்டங்கள்

ஆகஸ்டு கடைசியில் பருவம் தொடங்கும். பல்கலைக்கழகங்கள் வட்டாரக் கூட்டமைப்புகளாகப் பிரிந்து மூன்று மாதம் ஆடும். நவம்பர் இறுதியில் தேர்வுக் குழு 64 அணிகளின் பட்டியலை வெளியிடும். ஒவ்வொரு கூட்டமைப்பின் வெற்றியாளருக்கும் நேரடி இடம் உண்டு. மீதி இடங்களுக்குப் பருவம் முழுக்க ஆடிய தரத்தைப் பார்த்து அணிகளைக் குழு தேர்ந்தெடுக்கும். வலுவான அணிகள் தொடக்கத்திலேயே ஒன்றோடொன்று மோதிவிடாதபடி அவற்றைத் தரவரிசைப்படி பிரித்து வைப்பார்கள்.

முதலிரண்டு சுற்றுகள் முன்னணி அணிகளின் சொந்த அரங்குகளில் நடக்கும். பிறகு நான்கு வட்டார இடங்கள். எஞ்சிய நான்கு அணிகள் டிசம்பரில் ஒரே நகரில் கூடி அரையிறுதியும் இறுதியும் ஆடும். இது தோற்றால் வெளியேறும் முறை. ஒரு தோல்வி போதும்; மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

சரி, மாணவர்களே, ஒரு கணக்கு. 64 அணிகளில் ஒன்று மட்டும் மிஞ்ச எத்தனை ஆட்டம் வேண்டும்? 32ஐயும் 16ஐயும் 8ஐயும் கூட்டிக்கொண்டு போகத் தேவையில்லை. ஒவ்வோர் ஆட்டமும் ஓர் அணியை வெளியேற்றும். 63 அணிகள் வெளியேற வேண்டும். ஆகவே, 63 ஆட்டம். பட்டம் வெல்லும் அணி தொடர்ந்து ஆறு ஆட்டம் வெல்ல வேண்டும். எல்லா அணியும் எல்லா அணியோடும் ஒருமுறை ஆடுவதென்றால் 2,016 ஆட்டம் வேண்டியிருக்கும். டிசம்பர் முடிந்து அடுத்த டிசம்பர் வந்துவிடும்!

கோவிட் பெருந்தொற்றால் 2020ஆம் ஆண்டுப் போட்டி 2021 வசந்த காலத்துக்குத் தள்ளிப்போனது. அப்போது 48 அணிகள் மட்டுமே ஆடின. அந்த முறை கென்டக்கி பல்கலைக்கழகம் வென்றது.

3. விளையாட்டு என்ற சொல்லே இல்லாத ஒரு சட்டம்

இனி, போட்டி பிறந்த கதைக்கு வருவோம்.

என்.சி.ஏ.ஏ. 1906இல் தொடங்கப்பட்டது. ஆண்களுக்கான கைப்பந்துப் போட்டியை அது 1970இல் தொடங்கியது. பெண்களுக்கான போட்டி 1981இல்தான் வந்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே 11 ஆண்டு இடைவெளி. இடையில் நடந்தது என்ன?

1972 ஜூன் 23ஆம் நாள் அமெரிக்க அதிபர் நிக்சன் ஒரு கல்விச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதில் ‘டைட்டில் நைன்’ எனப்படும் ஒன்பதாம் தலைப்பின் மையப் பகுதி 37 ஆங்கிலச் சொற்களால் ஆனது. கூட்டரசின் பண உதவி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் ஆண், பெண் என்ற காரணத்தால் யாரையும் ஒதுக்கக்கூடாது என்பது அதன் சாரம். அந்த 37 சொற்களில் ‘விளையாட்டு’ என்ற சொல்லே கிடையாது. மருத்துவக் கல்லூரி, சட்டக் கல்லூரிச் சேர்க்கை, வேலை இவற்றில் இருந்த பாகுபாட்டைப் போக்குவதே அதைக் கொண்டுவந்தவர்களின் முதல் எண்ணம்.

இந்தச் சட்டத்துக்காக உழைத்தவர்களில் முக்கியமானவர் ஹவாய் மாநிலத்தைச் சேர்ந்த பேட்சி மிங்க். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான, வெள்ளையர் அல்லாத முதல் பெண் அவர்தான். இளமையில் டாக்டராக ஆசைப்பட்டார். விண்ணப்பித்த மருத்துவக் கல்லூரிகள் எல்லாம் கதவைச் சாத்தின. பிறகு சட்டம் படித்து, அரசியலுக்கு வந்து, கதவையே மாற்றியமைத்தார். 2002இல் அவர் மறைந்தபின் அந்தச் சட்டத்துக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது.

விளையாட்டும் கல்வித் திட்டத்தில் அடங்கும் என்பதை 1975இல் வந்த விதிமுறைகள் தெளிவாக்கின. பல்கலைக்கழகங்களுக்கு 1978 வரை அவகாசம் கொடுக்கப்பட்டது. வருமானம் ஈட்டும் ஆண்கள் விளையாட்டுகளுக்கு விலக்கு வேண்டும் என்று சிலர் முயன்று பார்த்தார்கள். அது பலிக்கவில்லை.

இந்தக் காலத்தில் பெண்கள் போட்டிகளை ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற தனிச் சங்கம் நடத்தி வந்தது. அதை நிர்வகித்தவர்கள் பெண்களே. 1981இல் என்.சி.ஏ.ஏ. தானும் பெண்கள் போட்டியைத் தொடங்கியது. அந்த ஓர் ஆண்டில் இரு சங்கங்களும் தனித்தனியே பட்டம் கொடுத்தன: என்.சி.ஏ.ஏ. பட்டம் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, ஏ.ஐ.ஏ.டபிள்யூ. பட்டம் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு. பணபலம் கூடிய சங்கத்தோடு போட்டியிட முடியாமல் பெண்கள் சங்கம் விரைவில் மூடப்பட்டது. இதன் விளைவு பிறகு வேறொரு வடிவில் தெரிந்தது. அதை ஆறாம் பகுதியில் பார்ப்போம்.

4. உபகாரச் சம்பளக் கணக்கு

சட்டம் வந்துவிட்டால் போதுமா? போதாது. பணம் வர வேண்டும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நன்றாக ஆடும் மாணவருக்கு உபகாரச் சம்பளம் உண்டு. கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அதில் அடங்கும். எந்த விளையாட்டுக்கு எத்தனை உபகாரச் சம்பளம் என்பதற்கு வரம்பு இருந்தது. முதல் பிரிவில் 2024-25 பருவம் வரை இருந்த வரம்பைப் பாருங்கள்:

• அமெரிக்கக் காற்பந்து (ஆண்கள், உயர்நிலை): 85
• கைப்பந்து (ஆண்கள்): 4.5
• கைப்பந்து (பெண்கள்): 12

“என்ன சார் இது, பெண்களுக்கு 12, ஆண்களுக்கு வெறும் நாலரையா? இதுதான் சமத்துவமா?” என்று மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. விடை முதல் வரியில் இருக்கிறது. காற்பந்து ஒன்றே ஆண்களுக்கு 85 இடங்களை எடுத்துக்கொண்டது. அதற்கு ஈடான பெண்கள் விளையாட்டு எதுவும் இல்லை. மொத்தக் கணக்கு ஓரளவாவது சமமாக வேண்டுமென்றால் மற்ற விளையாட்டுகளில் பெண்களுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். கைப்பந்து அப்படித்தான் வளர்ந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கணக்கைச் சரிக்கட்டச் சில பல்கலைக்கழகங்கள் மல்யுத்தம் போன்ற ஆண்கள் அணிகளைக் கலைத்தன. அதனால் பாதிக்கப்பட்ட இளைஞர்களின் வருத்தமும் நியாயமானதே. சட்டத்தைக் குறை சொல்வதா, காற்பந்துக்குக் கொட்டும் பணத்தைக் குறை சொல்வதா என்று அங்கே இன்றும் வாதம் நடக்கிறது. வாதக் கட்டுரை எழுதும் மாணவர்கள் இந்த இரு பக்கத்தையும் குறித்துக்கொள்ளலாம்.

பள்ளி அளவில் என்ன நடந்தது? 1971-72இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டு அணிகளில் இருந்த பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. ஆண்களோ 36 லட்சத்துக்கும் மேல். இன்று பெண்கள் 30 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். 1971இல் பிறந்த பெண்ணைவிட 2001இல் பிறந்த பெண்ணுக்குத் திறமை பத்து மடங்கு கூடிவிட்டதா? இல்லையே. கூடம் கிடைத்தது; ஆட வந்தார்கள். அவ்வளவுதான்.

5. கடற்கரையிலிருந்து நாடு முழுதும்

போட்டி தொடங்கிய முதல் ஏழு ஆண்டுகளில் கலிபோர்னியா, ஹவாய் ஆகிய இரு மாநிலங்களைத் தவிர வேறெங்கும் பட்டம் போகவில்லை. பேட்சி மிங்க்கின் சொந்த மாநிலமான ஹவாயின் பல்கலைக்கழகம் மட்டும் 1982, 1983, 1987 என மூன்று முறை வென்றது. கடற்கரையில் ஆண்டு முழுதும் கைப்பந்து ஆடும் ஊர்கள் அவை. அங்கே கூடம் ஏற்கனவே இருந்தது.

1988இல் டெக்சஸ் வென்றது. 1995இல் நாட்டின் நடுவிலிருக்கும் நெப்ராஸ்கா வென்றது. 1999இல் கிழக்கே பென்சில்வேனியாவிலுள்ள பென் ஸ்டேட் வென்றது. சட்டமும் பணமும் பயிற்சியும் மெல்ல மெல்லப் பரவ, பட்டமும் பரவியது.

சில அணிகளின் சாதனையைக் குறிப்பிடாமல் விட முடியாது. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகம் 1992 முதல் 2019க்குள் ஒன்பது முறை வென்றது. பென் ஸ்டேட் 2007 முதல் 2010 வரை நான்கு ஆண்டு தொடர்ந்து வென்றது. அந்தக் காலக்கட்டத்தில் அந்த அணி தொடர்ந்து 109 ஆட்டங்களில் தோற்கவே இல்லை. 2008, 2009 இரு பருவங்களிலும் ஆடியது 38, வென்றது 38.

இந்தப் போட்டியின் பலன் பல்கலைக்கழகத்தோடு நின்றுவிடவில்லை. 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் அணி கைப்பந்தில் முதல் முறையாகத் தங்கம் வென்றது. அந்த அணியினர் அனைவரும் பல்கலைக்கழகக் கைப்பந்தில் வளர்ந்தவர்கள். அந்த ஒலிம்பிக்கில் சிறந்த விளையாட்டாளராகத் தேர்வான ஜோர்டன் லார்சன், 2006இல் நெப்ராஸ்கா பட்டம் வென்றபோது அந்த அணியில் ஆடியவர்.

அந்த நெப்ராஸ்காவில்தான் 2023 ஆகஸ்டு 30ஆம் நாள் ஓர் அதிசயம் நடந்தது. லிங்கன் நகரின் காற்பந்து அரங்கின் நடுவே கைப்பந்துத் தளம் விரித்தார்கள். அது பருவத்தின் தொடக்கத்தில் நடந்த சாதாரண ஆட்டம். இறுதிச் சுற்றுகூடக் கிடையாது. அதைப் பார்க்க வந்தவர்கள் 92,003 பேர். அதற்கு முந்தைய ஆண்டு பார்சிலோனாவில் பெண்கள் காற்பந்து ஆட்டத்துக்கு வந்த 91,648 பேர் என்ற எண்ணிக்கையை அது தாண்டியது. “பெண்கள் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்?” என்று கேட்டவர்களுக்கு இதைவிடப் பதில் வேண்டுமா? காற்பந்துக்காகவே கட்டிய அரங்கம் அது. அன்று ஒரு மாலை, அது பெண்களின் கூடமானது.

6. 43 ஆண்டுகள் காத்திருந்த நாற்காலி

இவ்வளவும் சொன்னபின் ஒரு கேள்வி. 1981 முதல் 2023 வரை 43 போட்டிகள் நடந்தன. அந்த 43 போட்டிகளிலும் பட்டம் வென்ற அணிகளின் தலைமைப் பயிற்றுநர்களில் எத்தனை பேர் பெண்கள்?

ஒருவர்கூட இல்லை.

ஆடியவர்கள் பெண்கள், வென்றவர்கள் பெண்கள். ஆனால், ஓரத்தில் நின்று கட்டளையிட்டவர்கள் எல்லாரும் ஆண்கள். எப்படி இப்படி ஆனது? டைட்டில் நைன் வருவதற்கு முன் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் அணிகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் பெண்களே பயிற்றுநர்களாக இருந்தார்கள். அப்போது அந்த வேலைக்குச் சம்பளம் இல்லை, அல்லது சொற்பம். சட்டம் வந்து, பணம் வந்ததும் அது நல்ல வேலையாக மாறியது. பெண்கள் சங்கம் மூடப்பட்டு, ஆண்கள், பெண்கள் விளையாட்டுத் துறைகள் ஒன்றாக இணைந்தபோது வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரமும் பெரும்பாலும் ஆண்கள் கைக்குப் போனது. பெண் பயிற்றுநர்களின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது. ஒரு கதவு திறந்தபோது இன்னொரு கதவு சத்தமில்லாமல் சாத்தப்பட்டது.

2024இல் அந்தக் கதவு அசைந்தது. அந்த ஆண்டு இறுதி ஆட்டம் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில். மோதிய அணிகள் பென் ஸ்டேட்டும் லூயிவில் பல்கலைக்கழகமும். பென் ஸ்டேட்டின் பயிற்றுநர் கேட்டி ஷூமாக்கர்-காவ்லி. லூயிவில்லின் பயிற்றுநர் டேனி பஸ்பூம் கெல்லி. இருவரும் பெண்கள். ஆகவே, யார் வென்றாலும் அன்று ஒரு பெண் பயிற்றுநர் முதல் முறையாகப் பட்டம் வெல்வார் என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவாகிவிட்டது.

கேட்டி, 1999இல் பென் ஸ்டேட் தன் முதல் பட்டத்தை வென்றபோது அந்த அணியில் ஆடியவர். 2024 பருவத்தின் நடுவே அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. சிகிச்சை ஒரு பக்கம், பயிற்சி ஒரு பக்கம் என்று இரண்டையும் நடத்தினார். அரையிறுதியில் நெப்ராஸ்காவிடம் முதலிரண்டு செட்டையும் இழந்த அவருடைய அணி, அடுத்த மூன்றையும் வென்று திரும்பியது. இறுதியில் லூயிவில்லை அதன் சொந்த ஊரிலேயே 21,000க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் மூன்றுக்கு ஒன்று என்று வீழ்த்தியது. புள்ளிகள்: 25-23, 32-34, 25-20, 25-17. இரண்டாவது செட் ஏன் 34 வரை போனது என்று மாணவர்களைக் கேளுங்கள். முதல் பகுதியில் சொன்ன ‘இரண்டு புள்ளி முன்னிலை’ விதி அங்கே விடையாகக் கிடைக்கும்.

மாணவர்கள் கேட்டியின் துணிவை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடக்கூடாது. துணிவுள்ள, திறமையுள்ள பெண்கள் அந்த 43 ஆண்டுகளிலும் இருந்திருப்பார்கள். நாற்காலிதான் காலியாக இல்லை.

7. கட்டுரையில் இதை எப்படிப் பயன்படுத்துவது?

ஒரு சான்றைக் கட்டுரையில் வைக்கும்போது மூன்று படி போதும்: கருத்தைச் சொல்லுங்கள், சான்றைக் காட்டுங்கள், சான்றிலிருந்து கிடைக்கும் முடிவைச் சொல்லுங்கள். பலர் இரண்டாவது படியோடு நிறுத்திவிடுகிறார்கள். எண்ணை எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பு. எண் தானாகப் பேசாது. நாம்தான் பேச வைக்க வேண்டும்.

மாதிரிப் பத்தி ஒன்று:

“பெண்கள் விளையாட்டில் சிறந்து விளங்க, திறமையோடு சம வாய்ப்பும் தேவை. சான்றாக, அமெரிக்காவில் 1971-72இல் 3 லட்சத்துக்கும் குறைவான மாணவிகளே உயர்நிலைப் பள்ளி விளையாட்டு அணிகளில் இருந்தனர். கல்வியில் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1972இல் வந்தபின் அந்த எண்ணிக்கை படிப்படியாக உயர்ந்து, இன்று 30 லட்சத்தைத் தாண்டியுள்ளது. ஆகவே, முன்பு பெண்கள் விளையாட்டில் இல்லாததற்குக் காரணம் ஆர்வமின்மை அன்று. வாய்ப்பின்மையே என்பது தெளிவாகிறது.”

கவனிக்க வேண்டியவை:

• ‘பல மடங்கு’, ‘எக்கச்சக்கம்’ என்று எழுதுவதைவிட இரண்டு எண்களை அருகருகே வையுங்கள். ஒப்பீடு தானாகத் தெரியும்.
• பேச்சு வழக்கைக் கட்டுரையில் கொண்டுவராதீர்கள். ‘இருக்கு’, ‘வந்தாங்க’ என்பதெல்லாம் நாம் இங்கே உரையாடுவதற்கு. தேர்வுத் தாளில் ‘இருக்கிறது’, ‘வந்தனர்’.
• மேலே சொன்ன பழமொழியை முன்னுரையில் பயன்படுத்தினால், அதன் பொருளைச் சரியாகச் சொல்லிவிட்டு, பிறகு கேள்வி எழுப்புங்கள். பொருளைத் திரித்து எழுதினால் புள்ளி போய்விடும்.
• ஒரே ஒரு வீராங்கனையின் கதையை மட்டும் சொல்லிக் கட்டுரையை முடிக்காதீர்கள். அவருக்குப் பின்னால் இருக்கும் சட்டம், பணம், பயிற்சி, அரங்கம் இவற்றையும் தொடுங்கள்.

8. வகுப்பறைக்குச் சில கேள்விகள்

1. தோற்றால் வெளியேறும் முறையில் 32 அணிகள் ஆடினால் எத்தனை ஆட்டங்கள் தேவை? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?
2. டைட்டில் நைன் சட்டத்தில் ‘விளையாட்டு’ என்ற சொல் இல்லை. அப்படியிருந்தும் அது விளையாட்டை மாற்றியது எப்படி?
3. கைப்பந்தில் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 4.5 உபகாரச் சம்பளம் என்று 2024-25 பருவம் வரை இருந்தது நியாயமா? ஏற்றும் மறுத்தும் தலா இரண்டு கருத்துகள் எழுதுக.
4. பெண்கள் விளையாட்டில் பணம் கூடியபோது பெண் பயிற்றுநர்களின் பங்கு ஏன் குறைந்தது?
5. உங்கள் பள்ளியில் மாலை நேரத்தில் திடலைப் பயன்படுத்தும் மாணவர்கள் எத்தனை பேர், மாணவிகள் எத்தனை பேர்? ஒரு வாரம் எண்ணிப் பார்த்து, ஓர் அறிக்கை எழுதுக.

ஐந்தாவது கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஆசிரியர்களே. அமெரிக்கக் கதையை மாணவர்கள் ஆர்வமாகக் கேட்பார்கள். தேர்வில் எழுதவும் செய்வார்கள். ஆனால், தங்கள் சொந்தத் திடலை எண்ணிப் பார்க்கும்போதுதான் அந்தப் பாடம் அவர்களுக்குச் சொந்தமாகும். தேர்வு ஆண்டு வந்ததும் “போதும்மா, இனி படிப்பைப் பார்” என்று முதலில் திடலிலிருந்து திரும்ப அழைக்கப்படுபவள் யார் என்பதும் அந்த எண்ணிக்கையில் தெரிந்துவிடும். மாணவிகளின் எண்ணிக்கை குறைவாக வந்தால், “இவர்களுக்கு ஆர்வமில்லை” என்று முடிவெழுதும் முன் அவர்களிடமே ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்: திடல் எத்தனை மணிக்கு உங்களுக்குக் கிடைக்கிறது?